நான் ஒரு வார்த்தை பேசவில்லை, வீடு ஏன் சுருங்கிப்போகிறது?

மதிப்பிற்குரிய மேடம்,

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி 11 வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் வேலை. காப்பீட்டுப் பணம் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வசவு. திருப்பி ஒரு வார்த்தை கடுமையாகப் பேச மாட்டேன், பேசவும் கூடாது. வீட்டிலும் அப்படித்தான், கத்தினதே கிடையாது. ஆனால் நான் உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் வீடே அமைதியாகிவிடுகிறது. மாமியார் "யூ கிராஸ்?" என்பார், கோபமா என்று. "ஒன்றுமில்லை அத்தை" என்பேன். அவர் முகம் தொங்கிப்போகும். கணவர் கராஜுக்குள் போய்விடுவார். போன வாரம் என் ஏழு வயது மகள், "அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டு அழுதாள். நான் அவளை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் எப்படி?

இன்னொன்று. 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு மாமியார் ராத்திரி மூன்று தரம் கேட்டையும் கதவையும் இழுத்துப் பார்க்கிறார். இப்போது மகளும் எழுந்து போய்ப் பார்க்கிறாள். பயமும் கோபமும் ஜலதோஷம் மாதிரி ஒட்டுமா? அலுவலகப் பயிற்சியில், "நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தை வெறும் 7 சதவீதம்" என்றார்கள். அது நிஜமானால் இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சிரிக்கப் பழக வேண்டுமா? மாமியாரிடம் என்ன சொல்வது? முப்பது வருடம் துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், வேலை என்றால் என்னவென்று தெரிந்தவர்தான். ஆனால் அவருடைய தமிழ் பாதி, என்னுடைய ஆங்கிலம் பாதி.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு தரம் படித்தேன். "அவளை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை." நீங்கள் அதை உங்கள் பக்கத்துச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். முறைக்கவில்லை, திட்டவில்லை, பார்க்கவே இல்லை, அதனால் என்மேல் தப்பில்லை என்று. உங்கள் மகள் அழுததே அதற்காகத்தான். தினமும் கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஓடிவருகிற குழந்தைக்கு, ஏறெடுத்துப் பார்க்காத அம்மாவைவிடத் திட்டுகிற அம்மா பரவாயில்லை. திட்டினால் எதற்கென்றாவது தெரியும்.

சரி, ஒட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒட்டும். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முகத்திலும் அதேபோல ஒன்று நடக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் டிம்பெர்க் என்ற உளவியலாளர், ஆட்களின் கன்னத்திலும் புருவத்திலும் மின்முனைகளை ஒட்டி, தசைக்குள் ஓடும் சின்னஞ்சிறு மின்துடிப்பை அளந்தவர். அவரும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சிரித்த முகப் படத்தையோ கோபமான முகப் படத்தையோ கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகக் காட்டினார்கள். ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்கு. உடனே அதை எந்த உணர்ச்சியும் இல்லாத முகம் ஒன்றால் மூடிவிட்டார்கள். பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது முகம் மட்டும்தான். ஆனாலும் சிரிப்பு வந்துபோனவர்களுக்குக் கன்னத் தசை அசைந்தது. கோபம் வந்துபோனவர்களுக்குப் புருவத் தசை இறுகியது. புத்திக்கு எட்டாததை முகம் வாங்கிக்கொண்டுவிட்டது.

முகம் இறுகினால் மனமும் அதன் பின்னால் போகுமா? கொஞ்சம் போகும் என்பார்கள் பலர். எவ்வளவு என்பதில் எங்கள் உளவியல் துறைக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. இந்த இடத்தில் "கண்ணாடி நரம்பணு" என்று ஒன்றைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற யூடியூப் பேச்சாளர்களை நீங்கள் கேட்டிருக்கலாம். இத்தாலியில் குரங்குகளின் மூளையில் கண்டுபிடித்த சமாச்சாரம் அது. அதை வைத்து மாமியார் முகம் ஏன் தொங்கியது என்று சொல்லும் அளவுக்கு நான் போக மாட்டேன்.

எல்லாரிடமிருந்தும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். டர்பனில் தீமிதி பார்த்திருப்பீர்கள். பூக்குழியில் இறங்குகிறவரின் அக்காவோ அம்மாவோ ஓரத்தில் நிற்பார்களே, அவர்கள் முகத்தைப் பாருங்கள். குழியில் இருப்பவரைவிட அவர்கள்தான் வெந்துபோனவர்கள் மாதிரி இருப்பார்கள். இதை நிஜமாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள், நம் கோயிலில் அல்ல, ஸ்பெயின் நாட்டில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற ஊரில். அங்கேயும் வருடத்துக்கு ஒரு முறை தணலில் நடக்கிறார்கள். நடந்தவர்களுக்கும் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி கட்டினார்கள். நடந்தவரின் சொந்தக்காரர்கள், நண்பர்களின் துடிப்பு அவருடைய துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் துடிப்பு அப்படிச் சேரவில்லை. 2011-இல் வெளியான ஆய்வு. ஒரே தணல், ஒரே கூட்டம், ஆனால் உறவு இருந்த இடத்தில்தான் இதயம் சேர்ந்து அடித்தது.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவோம். உம்லாங்காவில் நாள் முழுக்க உங்களைத் திட்டியவர்கள் யாரோ. அவர்கள் கோபம் உங்கள்மேல் படிந்தது, ஆனால் ஓரளவுக்குத்தான். நீங்கள் அதைச் சுமந்துகொண்டு என்2 நெடுஞ்சாலை நெரிசலில் நகர்ந்து, வீட்டுக் கதவைத் திறந்து, உங்களோடு இதயம் சேர்ந்து அடிக்கிற மூன்று பேர் நடுவில் நிற்கிறீர்கள்.

பேசாமல் இருந்தால் ஒட்டாது என்று நினைத்துவிட்டீர்கள். தப்புக்கணக்கு அதுதான். நம் வீடுகளில் கோபம் எப்போது வாய் வழியாக வந்தது? பாத்திரம் ணங்கென்று விழும். குக்கர் மூடியைப் போடுகிற போக்கில் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லப்பட்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிடும் விதம், உச்சுக் கொட்டுவது, பெருமூச்சு, சாதம் பரிமாறுகையில் கரண்டி தட்டில் படும் ஓசை. சாட்ஸ்வொர்த்தின் பழைய இரட்டை வீடுகளில் சுவர் பொது. பக்கத்து வீட்டுக்காரருக்கே உங்கள் பாத்திரத்தின் குரல் தெரியும் என்றால், சமையலறையில் நிற்கும் மாமியாருக்குத் தெரியாதா?

அப்புறம் அந்த "ஒன்றுமில்லை." நான் ஆலோசனை அறையில் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் பொய் சொல்ல அதிகமாகப் பயன்படும் சொல் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். மெதுவாகச் சொன்னால் "இன்னொரு தரம் கேளுங்கள்" என்று அர்த்தம். வெடுக்கென்று சொன்னால் "உங்களால்தான்" என்று அர்த்தம். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னால் "கேட்கவே வேண்டாம், எல்லாம் முடிந்தது." ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் அதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. உங்கள் மாமியாருக்குத் தமிழ் பாதிதான் என்கிறீர்கள். அப்படியானால் சொல்லைவிட அது வருகிற ராகம்தான் அவருக்கு முழுசாகப் போய்ச் சேர்கிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எமிலி பட்லரும் ஜேம்ஸ் கிராஸ் முதலியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனத்தைக் கலக்கும் ஒரு படத்தைக் காட்டி, பிறகு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும், உணர்ச்சியை வெளியே காட்டிக்கொள்ளாதே என்று ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவளுக்கு இது தெரியாது. தெரியாமலே அவளுடைய இரத்த அழுத்தம் ஏறியது. பேச்சும் ஒட்டவில்லை, இவளோடு பழக வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. முன்பின் தெரியாதவளுக்கே இப்படி. நீங்கள் மூன்று பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் இதைச் செய்கிறீர்கள்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சி ஒட்டுகிறது, அதன் காரணம் ஒட்டுவதில்லை. முகம் சூட்டைச் சொல்லும், அடுப்பு எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லாது. பார்க்கிறவர் அடுப்பைத் தேடுவார். கிடைக்காவிட்டால் தன்னிடமே இருப்பதாக முடிவு செய்வார். ஏழு வயதுக் குழந்தைக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னைச் சுற்றித்தான். "நான் என்ன தப்பு பண்ணினேன்" என்பது அவள் கண்டுபிடித்த காரணம். "இந்த வீட்டில் நான் பாரமாகிவிட்டேன்" என்பது உங்கள் மாமியார் கண்டுபிடித்த காரணமாக இருக்கலாம். கராஜில் இருப்பவர் கண்டுபிடித்தது என்னவோ, அவரைக் கேட்டால்தான் தெரியும்.

குறிப்பைத் தப்பாகப் படிப்பது இந்த ஊரில் நமக்குப் புதிதில்லை. நான் டர்பனுக்கு வந்த புதிதில், ஆமாம் என்பதற்கு நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலருக்கே அது "இல்லை" என்றோ "தெரியாது" என்றோ பட்டது. ஒரு கடைக்காரர் எனக்கு வேண்டாம்போலிருக்கிறது என்று நினைத்து எடுத்த பொருளை உள்ளே வைத்துவிட்டார். ஜூலு மரபில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. அதைக் கள்ளத்தனம் என்று படித்து எத்தனை வேலைக்காரர்கள்மேல் இந்த நாட்டில் சந்தேகம் விழுந்திருக்கிறது. ஒரு வீட்டுக்குள்ளேயே தஞ்சாவூர் முகமும் டர்பன் முகமும் இருக்கும்போது கொஞ்சம் மொழிபெயர்ப்பு தேவைப்படத்தான் செய்யும்.

இங்கேதான் உங்கள் 93 சதவீதம் வருகிறது. அதை மறந்துவிடுங்கள். ஆல்பர்ட் மெராபியன் என்பவர் 1967-இல் வெளியிட்ட இரண்டு சின்னச் சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. தனித்தனி வார்த்தைகளை வெவ்வேறு குரலிலும், குரலை வெவ்வேறு முகப் படத்தோடும் சேர்த்துக் கொடுத்து, பேசுகிறவருக்குப் பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். வார்த்தை ஒன்றும் முகம் வேறொன்றும் சொன்னால், ஆட்கள் முகத்தையும் குரலையும்தான் நம்பினார்கள். அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை என மெராபியனே விளக்கம் கொடுத்துவிட்டார், ஆனால் பயிற்சி வகுப்புகள் விடுவதாக இல்லை. உங்கள் பயிற்சியாளர் ஒரு நாள் வாயைத் திறக்காமல் கடைக்குப் போய், உருளைக்கிழங்கு போட்ட மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தருவார்களே, அது) ஒன்று, காரம் குறைவாக, சம்பலை மட்டும் தனியாகக் கட்டி, என்று வாங்கிவரட்டும். அப்புறம் 7 சதவீதம் பற்றிப் பேசலாம்.

அந்தச் சோதனையில் உங்களுக்கு உதவுகிற பகுதியும் இருக்கிறது. வார்த்தையும் முகமும் முரண்படும்போதுதான் முகம் ஜெயிக்கிறது. "ஒன்றுமில்லை" என்பது முரண்படுகிற வார்த்தை. முகத்தோடு ஒத்துப்போகிற வார்த்தையைச் சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. "அம்மாவுக்கு இன்னைக்கு வேலையில ரொம்ப ஆயாசம். ஒரு ஆள் போன்ல ரொம்பத் திட்டினார். உன்மேல ஒண்ணும் இல்ல. அரை மணி நேரத்துல உன்கிட்ட வரேன்." இவ்வளவுதான், நாலு வாக்கியம். முகத்தைத் தொட வேண்டாம், அது இருக்கிறபடி இருக்கட்டும். அரை மணி என்று சொன்னால் அரை மணியில் போய்விடுங்கள், குழந்தை கடிகாரம் பார்க்கும். யார் திட்டினார், என்ன திட்டினார் என்று விவரிக்கத் தொடங்காதீர்கள். அது காரணத்தைச் சொல்வதாக இருக்காது, அவளுக்கும் ஒரு பங்கு பரிமாறுவதாகிவிடும்.

சிரிக்கப் பழக வேண்டுமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து வேண்டாம். சம்பளத்துக்காகச் சிரிப்பது ஒரு உழைப்பு என்று பெயர் வைத்தவர் ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1983-இல் வந்த அவருடைய ஆய்வில் விமானப் பணிப்பெண்கள் ஒரு பக்கம், கடன் வசூலிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஒருவருக்கு எப்போதும் சிரிக்க வேண்டிய வேலை, மற்றவருக்கு எப்போதும் முறைக்க வேண்டிய வேலை. உங்களுக்கு முகமே தெரியாத வாடிக்கையாளருக்காகக் குரலில் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உள்ளே இல்லாததை மேலே பூசுவது ஆளைக் களைப்பாக்கும் என்று பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எட்டு மணி நேரம் பூசிவிட்டு வருகிறீர்கள். வீட்டிலும் ஓவர்டைம் செய்யச் சொல்ல நான் யார்?

இதில் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் என்ன முகத்தோடு வீட்டுக்கு வருகிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் எப்போதுமே இருப்பதில்லை. ஆண் முகம் சிடுசிடுத்தால் அவருக்கு வேலை ஜாஸ்தி. பெண் முகம் சிடுசிடுத்தால் வீட்டுக்கு ஆகாது. "விளக்கு வைக்கிற நேரத்தில் முகத்தை லட்சுமிகரமாக வைத்துக்கொள்" என்று கேட்டே வளர்ந்தோம். அந்தப் பேச்சு கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. வீட்டின் தட்பவெப்பத்துக்கு நீங்கள் ஒருத்தி பொறுப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கராஜுக்குள் போவதும் ஒரு செய்திதான், அதுவும் ஒட்டுகிறது. அவரிடம் பெரிதாக எதையும் கேட்காதீர்கள். நீங்கள் வந்ததும் பத்து நிமிடம், டீ குடித்து முடிக்கும் வரை, சமையலறையில் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பேச வேண்டியதில்லை.

வீட்டுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் இறக்கிவைக்க முடிந்தால் நல்லது. வெளிநாட்டுப் புத்தகங்களில், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள் என்று எழுதியிருப்பார்கள். இந்த ஊரில் அதைச் செய்யாதீர்கள். மங்கின நேரத்தில் கேட்டுக்கு வெளியே காருக்குள் கண்ணை மூடி உட்காருவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். அந்த ஐந்து நிமிடத்தை அலுவலகத்தில், காவலாளி இருக்கிற பார்க்கிங்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அழைப்பு முடிந்த கையோடு வண்டியைக் கிளப்ப வேண்டாம். இறங்கி வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாலும் போதும். திட்டினவர் வெள்ளத்தில் வீட்டுக் கூரை போனவராக இருக்கலாம், சும்மா திட்டினவராகவும் இருக்கலாம். "இது அவருடையது, என்னுடையது இல்லை" என்று வாய்விட்டே சொல்லிப்பாருங்கள். பைத்தியக்காரத்தனமாக இருக்கும். நானும் செய்கிறேன். ஒரு காலத்தில் செய்யாமல் இருந்தேன், என் மகன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "அம்மா, அந்த கிளினிக் 'ம்ம்' வேண்டாம்" என்று சொல்லும் வரை.

இனி கேட் விஷயம். இதைத்தான் நான் கூடுதல் கவலையோடு படித்தேன்.

குழந்தைகள் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைப் பெரியவர் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். 1985-இல் வெளியான ஒரு சோதனை எங்கள் துறையில் எல்லாரும் படித்தது. ஒரு வயதுக் குழந்தையை ஒரு மேஜைமேல் விடுகிறார்கள். மேஜையின் பாதிக்குமேல் கண்ணாடி, அதன் கீழே கொஞ்சம் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிற்கிறாள். குழந்தை விளிம்பு வரை தவழ்ந்து வந்து, தயங்கி, அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. அம்மா மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தாண்டி வந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. அம்மாக்கள் ஒரு சொல் பேசவில்லை.

உங்கள் மகளுக்குக் கலவரத்தின்போது மூன்று வயது இருக்கும். அந்த வாரத்தின் செய்திகள் அவளுக்கு நினைவிருக்காது. ஆனால் ஆயா, அதாவது உங்கள் மாமியார், கதவை இழுத்துப் பார்க்கும்போது அவர் தோள் எப்படி இருக்கிறது, மூச்சை எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்பதை அவள் ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிறாள்.

இதற்காக மாமியாரிடம் "சும்மா பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் சும்மா பயப்படவில்லை. கடைகள் எரிந்ததையும், தெருமுனையில் நம் பிள்ளைகள் தடுப்புப் போட்டு ராத்திரி முழுக்கக் காவல் நின்றதையும் பார்த்தவர். நிறவெறி அரசு ஒரு குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பெயர்த்து இன்னோர் இடத்தில் வைத்த காலத்தையும் பார்த்த தலைமுறை அது. சாட்ஸ்வொர்த்தே அப்படி உண்டான ஊர்தானே. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று தரத்துக்குத்தான் காரணம் இல்லை.

பூட்டுவதை ஒரு சடங்காக்கிவிடுங்கள். ராத்திரி எட்டரைக்கு ஆயாவும் பேத்தியும் சேர்ந்து போகட்டும். கேட், முன் கதவு, பின் கதவு, பர்கலர் கார்டு என்கிற கம்பித் தடுப்பு. ஒவ்வொன்றையும் பேத்தி தொட்டு "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்லட்டும். சாவி ஒரே இடத்தில் தொங்கட்டும். அதோடு அன்றைக்கு முடிந்தது. சத்தமாகச் சொல்வது எதற்கென்றால், கவலையில் இருக்கும்போது செய்தது மனத்தில் பதிவதில்லை. அதனால்தான் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போகத் தோன்றுகிறது. குழந்தையின் குரலில் கேட்டது பதியும். முதல் வாரம் மாமியார் மறுபடியும் எழுந்து போவார், போகட்டும், தடுக்காதீர்கள். குழந்தை மட்டும் கட்டிலில் இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், உண்மையில் சின்னதில்லை. தெருப் பாதுகாப்பு வாட்ஸ்அப் குழுவின் குரல் பதிவுகளை ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். மூச்சிரைக்கப் பேசுகிற ஒரு பக்கத்து வீட்டு அங்கிளின் குரல், அவர் சொல்கிற விஷயத்தைவிட வேகமாகக் குழந்தைக்குள் போகும். படிப்பதாக இருந்தால் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

இரண்டு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் மகள் ராத்திரி எழுந்து போகிறாள், வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள், நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வருகிறது என்றால் குழந்தைகளைப் பார்க்கும் உளவியலாளரிடம் கூட்டிப்போங்கள். உங்களைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். சனி, ஞாயிறிலும் முகம் இப்படியே இருக்கிறதா? பிடித்தது எதுவும் பிடிக்காமல், தூக்கமும் சரியில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? அப்படியானால் இது வேலையிலிருந்து ஒட்டின கோபம் மட்டும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு என் கடிதம் போதாது. உங்கள் டாக்டரிடம் போய் இந்த வரியைக் காட்டுங்கள்.

மகளிடம் இதுவரை நடந்ததைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர், அம்மாக்களைச் சில நிமிடம் கைக்குழந்தையின் முன் அசையாத முகத்தோடு உட்காரச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கூப்பிடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பார்க்கவே சங்கடமான சோதனை. ஆனால் அவர் வருடக்கணக்கில் சொல்லிவந்தது வேறு: நல்ல அம்மாவும் குழந்தையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, விட்டுப்போனதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதுதான் கணக்கு. உங்கள் மகள் அழுதுகொண்டே கேட்டாள் பாருங்கள், கேட்கிற குழந்தையிடம் சேர்த்துக்கொள்வது சுலபம். கேட்காமல் கராஜுக்குப் போகிறவர்களிடம்தான் கஷ்டம்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்பது பாக்கி. "யூ கிராஸ்?" என்ற கேள்வி உங்கள் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. அவருக்கு அது "என்னம்மா ஆச்சு?" அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பன் துணி ஆலைகளில் நம் பெண்கள் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்தார்கள், மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கோடு. அந்த முகத்தோடு அவரும் பஸ் ஏறி இதே வீட்டுக்குத்தான் வந்திருப்பார், உங்கள் கணவர் அப்போது சின்னப் பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சமைத்து முடித்து உட்காருகிற நேரம், வேலைவிட்டு வந்ததும் பிள்ளைகளிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் அத்தை என்று கேளுங்கள். ஆங்கிலமோ தமிழோ இரண்டும் கலந்ததோ, அவர் ஒரு சொல் வைத்திருப்பார். அடுத்த நாள் சாயங்காலம் அவர் "யூ கிராஸ்?" என்றதும் அந்தச் சொல்லையே எடுத்துச் சொல்லுங்கள்.